திரைக்கு வெளியே ஒரு கை

ஆம்பூரில் வீடு வீடாக அம்மை குத்தப் போன நாட்களில், கோஷா முறை உள்ள ஒரு முஸ்லிம் வீட்டில் ஒரு தாயைச் சந்தித்தேன் என்றாலும், அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. வாசல் திரைக்கு வெளியே வந்த வலது கையைத்தான் பார்த்தேன். வளையல்கள் தளர்ந்து முழங்கைவரை ஓடின. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் அந்தக் கை என்னிடம் அனுப்பும்.

ஒன்பது பிள்ளைகள். நாலு பெற்றது, ஐந்து தாயில்லாமல் வந்தது என்று தெருவில் சொல்லியிருந்தார்கள்.

“குத்தினா ஜுரம் வருமில்ல ஐயா?”

“வரும்மா.”

“ஒன்பதும் ஒண்ணாப் படுத்தா என்னால ஆவாது. பாதிக்கு அடுத்த வாரம் குத்துங்களேன்.”

குரலில் அவ்வளவு அலுப்பு. உதவுவதாக நினைத்து, “சரிம்மா. பெத்த நாலுக்கு இன்னிக்கு, மத்ததுக்கு அடுத்த வாரம்” என்றேன்.

கை உள்ளே போய்விட்டது.

“வேணாங்க. எல்லாம் என் பால் குடிச்சதுங்க. எங்கள்ல பால் குடுத்தா பெத்த மாதிரிதான். எல்லாருக்கும் இன்னிக்கே குத்திடுங்க.”

குத்தினேன். பெரியது, சின்னது என்று பிரித்திருக்கலாமே என்பது, திரும்பும்போது பாலாற்று மணலில் பாதி தூரம் நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.