குவாரிக்குள் இறங்கிய மீன் கேமரா

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஒரு கோடைக்காலம். அப்போது நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கிற கேமராக்களைத் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அந்த ஊர்களில் குளிர்காலத்தில் ஏரியே கட்டியாக உறைந்துவிடுமாம். ஜனங்கள் அதன்மேல் நடந்து போய், ஓட்டை போட்டு, கேமராவை இறக்கி, மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே தூண்டில் போடுவார்களாம். இதை முதன்முதலில் கேட்டபோது, "மீன் வேணும்னா மார்க்கெட்டுக்குப் போறதுதானே சார்?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்தான்.

ஐஸை உடைத்துக் கொட்டிய தொட்டியில் ஒவ்வொரு கேமராவையும் இறக்கிப் படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. சாயங்காலத்துக்குள் விரல்கள் மரத்துப் போய்விடும். அந்த விரல்களுக்குச் சூடு ஏற்றுவது கேட்டுக்கு எதிரில் இருந்த பாய் கடை டீ. பாய்க்கு ஒரே மகன். இருபது வயசு இருக்கும். எங்களை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டு டீ கொண்டுவந்து கொடுப்பான்.

ஒரு நாள் கடை பூட்டிக் கிடந்தது. கெலமங்கலம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன பையன், கைவிடப்பட்ட கிரானைட் குவாரியில் காலையில் குளிக்க இறங்கியவன் மேலே வரவில்லை என்று மதியம்தான் தெரிந்தது. தீயணைப்பு வீரர்களும் ஊர்க்காரர்களும் முங்கி முங்கிப் பார்த்துவிட்டார்கள். அடியில் ஒரே இருட்டு. கடைசியாகக் கொக்கி போட்டு இழுக்கலாம் என்றபோது பாய் எல்லோர் காலையும் பிடித்துக்கொண்டு அழுகிறாராம்.

கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட வெளியே போகாத கம்பெனி அது. சூப்பர்வைசர் ஒரு கேமரா செட்டையும் பேட்டரியையும் தூக்கி வேனில் வைத்தார். "நான் பதில் சொல்லிக்கறேன். நீ ஏறும்மா, உனக்குத்தான் இதப் பிடிக்கத் தெரியும்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பாப்பா, கொக்கி போட்டா புள்ள உடம்பு கிழிஞ்சிரும். என் கையால குளிப்பாட்டி அடக்கம் பண்ணணும். முழுசா குடுக்கச் சொல்லு பாப்பா."

இருட்டும்வரை பார்க்கலாம், அப்புறம் கொக்கிதான் என்று தீயணைப்புக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு லாரி ட்யூபைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் வறண்ட காடு. நீச்சலாவது ஒன்றாவது! பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கிற கன்னடக்காரர் ஒருவர் நீந்திக்கொண்டே பலகையைத் தள்ளினார்.

கேமராவை இறக்கிவிட்டு, கண் கூசாமல் இருக்கத் திரையைச் சுற்றி வைத்திருந்த மறைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கேமராவிலேயே இருந்த விளக்கு வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளையில் பாறைதான் தெரிந்தது. குவாரியின் உள்சுவர் படிப்படியாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் கேமரா பட்டதும் கல்தூள் கிளம்பித் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். அது அடங்கும்வரை கையை அசைக்கக் கூடாது. காத்திருந்து பார்க்கிறவர்களுக்காகச் செய்த சாமான் அது. கரையில் நின்றவர்களுக்கு அது எங்கே தெரியப் போகிறது? "இந்தப் பக்கம் இழும்மா, அந்தப் பக்கம் போடும்மா" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"கொஞ்சம் சும்மா இருங்கய்யா!" என்று நானும் கத்தினேன். கத்தியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

பாய் மட்டும் கரையோரத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் பாறையின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. இன்னொரு படியில் கேமரா இறங்கியது. தூள் மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் ஒரு கை தெரிந்தது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. அப்புறம் சட்டை. அப்புறம் முகம். தூங்குகிற மாதிரி ஒருக்களித்துக் கிடந்தான்.

எல்லோரும் மதியத்திலிருந்து 'பாடி, பாடி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

"பாய், தம்பி இங்க இருக்கான்" என்றேன்.

கன்னடக்காரர் என் கையிலிருந்த கேபிளைத் தொட்டுப் பார்த்தார். "ஆடாம புடிச்சுக்கம்மா, இதப் புடிச்சுக்கிட்டே எறங்கறேன்" என்றார். முதல் தடவை மூச்சுப் பற்றாமல் மேலே வந்துவிட்டார். "ஸ்வல்ப... கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிப் பலகையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டார். மறுபடி இறங்கினார். அவர் இறங்க இறங்கக் கேபிள் என் உள்ளங்கையில் அதிர்ந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அழுதால் கை ஆடும்.

அவர் பையனை நெஞ்சோடு அணைத்தபடிதான் மேலே வந்தார்.

கரையில் பாய் மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முகம், கழுத்து, கைகள், கால்விரல் வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"ஒரு கீறல்கூட இல்ல பாப்பா" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

அன்று இரவுக்குள் அடக்கம் முடிந்தது. சூப்பர்வைசரைக் கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். நான் அந்த வேலையை விட்டுக் கல்யாணமாகி வேறு ஊர் வந்துவிட்டேன். இன்றைக்கும் துக்க வீடுகளில், "உசுரே போயிருச்சு, இனிமே என்ன இருக்கு?" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. போன பிள்ளையை நோகாமல் தூக்கிக்கொண்டு வந்து பெற்றவர் மடியில் போடுவது எத்தனை பெரிய காரியம் என்று அந்தக் குவாரித் தண்ணீரில்தான் எனக்குத் தெரிந்தது.