இலுப்பைப் பலகை

எங்கள் ஊர்த் தபாலதிபர் நெட்டையான மனிதர்; சிரித்தால் தோள் குலுங்கும். புயலில் சரிந்த மரங்களைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையாக அரிவது அவருக்குப் பொழுதுபோக்கு.

கதவுக்குப் பலகை கேட்டு ஒருநாள் போனேன். உயரத் தூக்கிக் கட்டிய இலுப்பைக் குற்றியின்மேல் நின்று அவர் மனைவி மரம் அரியும் நீள வாளின் மேல்முனையைப் பிடித்திருந்தார். கீழே நின்று இழுத்த அவருடைய தலை, மீசை எல்லாம் மரத்தூள்.

“அண்ணை, கூலிக்கு ஒரு ஆளைப் பிடிக்கலாமே?” என்றேன்.

“பிடிக்கலாம். பிறகு நான் ஆரோடை கதைச்சுக்கொண்டு அரியிறது?”

“வாள் கோட்டை விட்டு விலகுது. கதையை விட்டிட்டு இழுங்கோ” என்றார் மேலே நின்ற மனைவி. கீழே தபாலதிபரின் தோள் குலுங்கியது. எனக்கு வயிறு எரிந்தது.

கேட்ட பலகையைத் தந்தார். அதில் செய்த கதவைத்தான் என் மனைவி மாலையில் எனக்குத் திறந்துவிடுகிறாள். ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள்.