விளக்கை இறக்கச் சொன்ன முயல்

என் மச்சான் செல்வத்தைக் கொன்றது கிணறு அல்ல, நான்! இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம், பிள்ளைகளே.

பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் சோளக்காட்டில் ஒரு பழைய கிணறு. தண்ணீர் வற்றிப்போய்ப் பலகை போட்டு மூடிக் கிடந்தது. தூர் வாரலாம் என்று ஒரு கோடையில் திறந்தோம். என் மனைவியின் தம்பி செல்வம் கயிற்றைப் பிடித்து இறங்கத் தயாரானான்.

அப்போது என் மகள் வளர்மதி ஓடி வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை. கையில் ஒரு பழைய சித்திரக்கதைப் புத்தகம். அரியலூர் பழைய பேப்பர் கடையில் நானே வாங்கித் தந்தது. அதில் கால்சட்டை போட்ட முயல் ஒன்று, பாழுங்குழிக்குள் குதிக்கப் போன கரடியைத் தடுத்து, கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கும். விளக்கு அணைந்துவிடும். ‘விளக்குக்கே காற்று பத்தவில்லை, உன் தொப்பைக்கு எப்படியப்பா பத்தும்?’ என்று கேட்கும் முயல்.

“அப்பா, மொதல்ல வெளக்க எறக்கிப் பாருங்கப்பா.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்!

“கால்சட்ட போட்ட மொசலு நமக்குப் பாடம் நடத்துது மாப்ள.”

“அப்ப கரடி நாந்தானா மாமா?” என்று கேட்டுக்கொண்டேதான் செல்வம் இறங்கினான்...

பாதி ஆழத்தில் அவன் பேச்சு நின்றது.

மூடிக் கிடந்த கிணற்றில் கெட்ட காற்று தேங்கி நிற்கும், ஒரு விளக்கை இறக்கியிருந்தாலே தெரிந்திருக்கும் என்றார் தீயணைப்பு வண்டியில் வந்தவர். அச்சு அசலாக முயல் சொன்னதே! பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வரைந்த மனிதர் விஷயம் தெரிந்து வரைந்திருக்கிறார். எனக்கு என்ன இருந்தது? எத்தனை கிணறு பார்த்தவன் என்ற திமிர்!

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அன்றே மகளை மோட்டார்க் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனேன். “நீ சொன்னத யாருகிட்டயும் சொல்லக் கூடாது.” ஏன் என்று கேட்டாள். கையை ஓங்கினேன். புத்தகத்தை அடுப்பில் திணித்தேன்.

ஊரே விதி என்றது. விதியா? மண்ணாங்கட்டி! நானும் தலையாட்டினேனே...

என்னைப் போல் எவனாவது உங்களைப் பார்த்துச் சிரித்தால் விடாதீர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துங்கள்!

வளர்மதி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் செல்வத்தின் மனைவி வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாகக் கண் கலங்கினாள்.

“யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு எறங்கியிருக்க மாட்டாருண்ணா.”

வளர்மதி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்...

“காப்பி ஆறுது, குடிம்மா” என்றேன்.