தச்சு கழித்த வீடுதானா?

என் வீட்டுக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் நிலையைத்தான் பார்ப்பார். வாங்க என்று கூப்பிடும் ஆளை அப்புறம்தான் பார்ப்பார். ஆசாரி குடும்பம். காரைக்குடியைச் சுற்றி அவர் கதவு போட்ட வீடுகள் ஏராளம். நாங்கள் மட்டும் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீட்டில். ஊருக்கெல்லாம் கதவு செய்கிற மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாசல் இல்லையா என்று என் அண்ணன்மார் கேலி செய்யாத தீபாவளி கிடையாது. சுவரில் ஒரு காலண்டர் மாட்டவேண்டும் என்றாலும் மாடிக்குப் போய் ஓனரம்மாவிடம் உத்தரவு வாங்கவேண்டும். ஆசாரி பெண்டாட்டிக்கு ஆணி அடிக்க உரிமை இல்லை!

மனை வாங்கிக் கட்டலாமே என்று கேட்பார்கள். கட்டலாம்தான். ஆனால் இவர் சொந்த வீட்டுக்கு மரம் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் எங்களுக்கு அறுபதாம் கல்யாணமே வந்துவிடும். அதனால் அரியக்குடிப் பக்கம் புதிதாகப் பிரித்த மனைகளில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் நான் பிடித்த பிடியை விடவில்லை. கட்டி அதிக காலம் ஆகாத வீடு. ஓய்வுபெற்ற கணவன் மனைவி இருவர் மட்டும் இருந்தார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், கிளம்புகிறார்கள். கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தார்கள். சமையலறை ஜன்னல் வழியே காலை வெயில் நேராக அடுப்புமேடையில் விழுந்தது. நான் அங்கேயே குடியேறிவிட்டேன், மனசுக்குள்.

அவருக்கும் பிடித்துத்தான் வாங்கினோம். சாவியைப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்துவந்து, பால் காய்ச்சிக் குடிபோனோம்.

சந்தேகம் மறுநாள் காலையில் வந்தது. நான் வாசல் தெளிக்க வெளியே வந்தால், இவர் நிலையில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். விரலால் தட்டுகிறார். கொஞ்சம் மேலே தட்டுகிறார். டாக்டர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பது போல.

"ஏங்க, என்னத்தத் தேடுறீக?"

"சும்மா பாக்குறேன். நீ அங்குட்டுப் போ."

சும்மா பார்க்கிற ஆள் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? விடாமல் நச்சரித்ததில் சொன்னார். இந்த வீட்டுக்குத் தச்சு கழித்தார்களா என்று தெரியவில்லையாம்.

தச்சு கழிப்பது ஆசாரிகள் செய்கிற சடங்கு. உயிரோடு நின்ற மரத்தை வெட்டி, அறுத்துத்தான் கதவும் நிலையும் செய்கிறோம். அந்தப் பாவம் மரத்தில் ஒட்டியிருக்கும், கழிக்காவிட்டால் குடியிருக்கிறவர்களைப் பிடிக்கும் என்பார்கள். வீடு முடிந்ததும், குடிபோவதற்கு முன்னால், வேலை செய்த ஆசாரியே பூசணிக்காய் வெட்டிப் பூசை போட்டு அதைக் கழித்துவிட வேண்டும். வீட்டுக்காரர் அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, மனசு குளிர அனுப்பவேண்டும். அறுத்த கைதான் கழிக்கவேண்டும், வேறு ஆசாரி வந்து கழித்தால் செல்லாது என்பது இவர்கள் குடும்பத்தில் சொல்வது. எத்தனையோ வீட்டுக்குக் கழித்த மனுஷன், தன் வீட்டுக்குக் கழிக்க முடியாமல் நின்றார்.

விற்றவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். "அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்கிட்டார் தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். அது போதாதா இவருக்கு? எதை மறைக்கிறார்கள், பேரப்பிள்ளை என்பதெல்லாம் நிஜம்தானா, இருந்த வீட்டை இத்தனை சீக்கிரம் ஏன் விட்டுவிட்டு ஓடினார்கள் என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் முதலில் சிரித்தேன். ஆனால் சந்தேகம் சளி மாதிரி, வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வந்துவிடும். எதிர்வீட்டு ஆச்சி கந்தரப்பம் கொண்டுவந்து கொடுத்து, "புதுசா வந்திருக்கீக, தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்கள். என்ன தொந்தரவு? எதற்குக் கேட்கிறார்கள்? அந்தக் கந்தரப்பத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அவர்கள் கேட்டது குழாய்த் தண்ணீரைப் பற்றி என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இவர் நிலையோடு நிற்கவில்லை. ஜன்னல், பரண், கதவுக் கீல், சுவர், தரை என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். சாப்பாடு குறைந்தது. முகம் வற்றியது. "வாசப்படியில உக்காராத" என்று என்னை அதட்டினார். நான் காய் நறுக்க உட்காருகிற இடமே அதுதான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார், நான் பயப்படுவேன் என்று சொல்லாமல் வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். தூங்கும்போது அவர் மூச்சு சீராக வருகிறதா என்று பார்ப்பேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே.

கடைசியில் வேலை செய்த ஆசாரியைத் தேடிக்கொண்டு கீழச்சிவல்பட்டிக்கே போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"கழிச்சாச்சாம். வேட்டி துண்டெல்லாம் குறைவில்லாமக் குடுத்தாகளாம்."

"அப்பறம் என்ன? பிள்ளையாரே காப்பாத்திட்டாரு!"

"கேட்ட ஒடனே பதில் சொல்றாரு. செஞ்ச வேலை எத்தனையோ இருக்கும், கொஞ்சம் யோசிக்க வேணாமா ஒரு மனுசன்?"

இவரை என்ன செய்வது? யோசித்துச் சொல்லியிருந்தால், ஏன் யோசித்தார் என்று கேட்டிருப்பார். அந்த வாரமே, வீட்டை விற்றுவிடலாம் என்றார். எனக்கு அந்த வீட்டை விட மனசே இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். காலை வெயில் விழுகிற அடுப்புமேடையா, இவரா என்று வந்தால் நான் எதைச் சொல்வேன்?

விற்பது வாங்கியதைப் போல இல்லை. வந்த ஒவ்வொருவரும் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். "வாங்குன சூட்டோட விக்கிறீகளே, ஏன்?" என்ன பதில் சொன்னாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் பீரோவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். பெங்களூர் போனவர்களைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் இப்போது எங்களைப் பற்றித் தெருவில் பேசப்பட்டது.

கடைசியாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா கூட வந்திருந்தார். விவரமான ஆள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, நிலையில் கை வைத்துக்கொண்டு இவரிடம் நேராகவே கேட்டார்.

"நீங்க ஆசாரியாமே. ஆசாரியே விக்கிறாருன்னா வீட்டுல என்னமோ இருக்குன்னுதான நெனைக்கணும்? உள்ளதச் சொல்லுங்க. பிள்ளத்தாச்சிப் பொண்ணு குடியிருக்கப் போற வீடு."

நான் சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். மர விஷயத்தில் இவர் பொய் சொல்ல மாட்டார். இத்தனை நாள் என்னிடம் மறைத்தது இப்போது வெளியே வரப்போகிறது என்று நின்றேன்.

"நான் தட்டாத எடமில்ல. ஒரு கொறையும் கெடையாது. நல்ல மரம், நல்ல வேலை. நானே செஞ்சிருந்தாலும் இப்படி அமைஞ்சிருக்காது" என்றார்.

அந்தப் பெரியவர் இன்னொரு தடவை நிலையைத் தடவிப் பார்த்தார். பிறகு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தினேனோ இல்லையோ, இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கொறையும் இல்லையா? அப்ப எதுக்குங்க விக்கிறோம்?"

"கொறை கண்ணுல பட்டிருந்தா அதச் சரிபண்ணிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். எதுவுமே அகப்படலையே. அகப்படாத ஒண்ணோட உன்னைத் தனியா விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "உங்க உசுருக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு நெனச்சுல்ல நான் தலையாட்டுனேன்!" என்று கத்திவிட்டேன். அவருக்கு என்னை நினைத்துப் பயம், எனக்கு அவரை நினைத்துப் பயம். நடுவில் ஒரு பாவமும் அறியாத வீடு. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்; கொடுத்த வாக்கை மாற்றக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

சாவி கொடுத்த அன்று, அந்தப் பெண் என்னைத் தனியாகச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். "அக்கா, அவுக எல்லாம் வெளியில இருக்காக. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, நெசமா எதுக்கு விக்கிறீக?" என்றாள். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அவள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பரவால்லக்கா, சொல்ல முடியலன்னா விடுங்க" என்றாள். பிறகு வாசலுக்கு வந்து, நிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.