ஹட்டன் மழையும் கிளாஸ்கோ மேடையும்

வாசலில் நின்ற பெண் என் உள்ளங்கையில் இரண்டு சிறிய மஞ்சள் உருண்டைகளை வைத்தாள். இனிப்பு என்று நினைத்து "தேங்க் யூ" சொல்லிவிட்டு ஒன்றை வாய்க்கருகே கொண்டுபோய்விட்டேன். அவள் பதறிப்போய்த் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். சத்தம் தாங்காதவர்கள் காதில் அடைத்துக்கொள்வதற்காம். பாட்டுக் கேட்க வருகிறவர்களுக்குக் காதடைப்புக் கொடுத்து உள்ளே அனுப்புவதைக் கிளாஸ்கோவில்தான் பார்த்தேன். இலங்கையில், எங்கள் ஹட்டனில் ஒரு மியூசிக்கல் ஷோ பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாளைக்குக் காது இரைந்துகொண்டே இருக்கும். இரையாவிட்டால்தான் குறை. "சவுண்டு பத்தல" என்று பேசிக்கொள்வோம்.

வேறொரு நாளாக இருந்தால் நானே இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மேடையில் ஏறப்போகிறவர் என் கணவர்.

நான் ஹட்டனுக்கு அருகே றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இங்கே வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என்னோடு வந்த கணவர் அருள்தாஸுக்குக் களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றும் வேலை. ஊரில் அவர் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் நின்றவர். ஷோ வந்தால் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இசைக்குழுவோடு போய்விடுவார். நடுப்பாட்டில் மைக்குக்கு முன்னால் வந்து பக்கப்பாட்டும் பாடுவார். ஆடமாட்டார். கல்யாண வீட்டில் கையைப் பிடித்து இழுத்தாலும் கல்லுப்போல நிற்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஹட்டன் மைதானத்தில் அவரைக் காப்பாற்றியது என் மனதில் இருந்த அந்த ஒரு விஷயம்தான்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கே ஷோ தொடங்கிவிட்டது. நானும் அக்காவும் றொசல்லவில் ரயிலேறிப் போயிருந்தோம். பெட்டி முழுக்க ஷோவுக்குப் போகிற சனம். மைதானத்தில் முன்வரிசை இளவட்டங்களுக்கு, ஓரம் குடும்பங்களுக்கு என்று யாரும் சொல்லாமலே பிரிந்து நிற்போம். ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு சிங்களப் பாட்டு, இரண்டுக்கும் எல்லோரும் ஆடுவார்கள். துள்ளாட்டப் பைலாப் பாட்டு தொடங்கினால் கடலை விற்கிறவரும் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவார். நாலு மணிக்கு மழை பிடித்தது. எங்கள் ஊரில் மழைக்காக யாரும் ஷோவை விட்டுப் போவதில்லை. குடை விரிந்தது, ஸ்பீக்கர்களுக்கு மேல் பொலித்தீன் ஏறியது, மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி மேடையைப் பாதி மறைத்தது. பாட்டு நிற்கவில்லை.

அருள்தாஸ் பக்கப்பாட்டுக்காக மைக்குக்கு முன்னால் வந்தார். ஒரு கை கிட்டார்க் கம்பியில் இருக்க, மற்றக் கையால் மைக் தண்டைப் பிடித்தார். அடுத்த நொடி அவர் தோள் குலுங்கியது. தலை பின்னால் போனது. கால்கள் துடித்தன. சனம் விசிலடித்தது. "பேஸ்காரன் ஆடுறான்டோய்!" என்று ஒருவன் கத்தினான். அக்காகூடக் கைதட்டிச் சிரித்தாள்.

அவர் ஆடமாட்டார்.

"கரண்டு! கரண்டு புடிச்சிருச்சு, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குடைகளை இடித்துக்கொண்டு ஓடினேன். மேடைக்கு முன்னால் கயிறு பிடித்து நின்ற சிங்களக் காவலாளி, பாட்டில் மயங்கி மேடையேற வருகிறேன் என்று நினைத்துச் சிரித்தபடியே கையை விரித்து மறித்தார். "நங்கி, பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன." பின்னால் போ தங்கச்சி என்கிறார். தெரிந்த பாஷை எல்லாம் மறந்துபோயிற்று. கயிற்றுக்குக் கீழே தவழ்ந்து, மேடைக்குப் பின்னால் இருந்த ஜெனரேட்டரை நோக்கி ஓடினேன். அதைக் கவனிக்கிற சுமித் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வயரைக் காலால் உதைத்துப் பிடுங்கினார்.

எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. மழைச் சத்தம் மட்டும். அவர் விழுந்து கிடந்தார். அதற்குப் பிறகுதான் சனத்துக்கு விஷயம் தெரிந்தது. அவ்வளவு நேரம் ஆடியவர்கள்தான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

பிழைத்துக்கொண்டார். உள்ளங்கை வெந்திருந்தது. இனிமேல் வேண்டாம் என்றேன். கிட்டாரைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஆனால் சாப்பிடும்போது அவருடைய விரல்கள் மேசையில் தாளம் போடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கிளாஸ்கோவுக்கு வந்த இரண்டாவது வருடம், அவரோடு வேலை செய்யும் கேலம் என்ற பையனின் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவருக்குக் கை முறிந்தது.

"ஒரு நாளைக்கு மட்டுந்தான் ஸ்டெல்லா," என்றார் அருள்தாஸ். "கேலம் ரொம்பக் கேக்குறான்."

"வேணாங்க."

"இங்க எல்லாத்தையும் செக் பண்ணித்தான் மேடையில ஏத்துவாங்க. கட்டடத்துக்கு உள்ள. மழை எப்படி வரும்?"

என்னால் தடுக்க முடியவில்லை. கண்ணாலே பார்க்காமல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை.

அது பழைய தேவாலயம். இப்போது பாட்டு மண்டபம். கோடைகாலம் என்பதால் ஏழு மணிக்கும் சாளரக் கண்ணாடியில் வெளிச்சம் இருந்தது. சனம் கையில் கிளாஸோடு நின்றது. யாரும் ஆடவில்லை, கூடப் பாடவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள், பிறகு மறுபடியும் அமைதி. பூசைக்கு வந்தவர்கள் போல அப்படி ஒரு கவனம். ஊரில் பாட்டை நாங்கள் பாடகரிடமிருந்து பறித்துக்கொள்வோம். இங்கே அது கைக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். எது நல்லது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மேடையின் ஓரத்தில் ஒரு நீல வாளி இருப்பதைப் பார்த்துவிட்டேன். கூரையிலிருந்து அதற்குள் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு வாளிக்கு வெளியே விழுந்தது.

அருள்தாஸ் பக்கப்பாட்டுக்காக மைக்கை நோக்கி நடந்தார். கையைத் தூக்கினார்.

"ஏங்க, தொடாதீங்க!"

ஹட்டனில் ஒருவர் காதிலும் விழாத என் குரல் இங்கே மண்டபம் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு வயதான காவலாளி ஓடி வந்தார். "ஆர் யூ ஓல்ரைட், ஹென்?" என்றார். ஹென் என்றால் கோழி என்று மட்டுந்தான் எனக்குத் தெரியும். கோழி மாதிரிக் கத்தியதற்குத் திட்டுகிறார் என்று நினைத்து, "சொரி, சொரி" என்று அழுதேன். இந்த ஊரில் பெண்களைப் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். குடிபோதை என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். தண்ணீரைப் பார்த்ததும் போத்தலைத் தள்ளிவிட்டேன். "வாட்டர். கரண்ட். மை ஹஸ்பண்ட்," என்றேன்.

அருள்தாஸ் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தார். தன் உள்ளங்கைத் தழும்பைக் காட்டி, உடைந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். மண்டபமே கேட்டது. ஒலியைக் கவனிக்கும் மோரா என்ற பெண் வாளியைச் சொட்டுக்கு நேராக நகர்த்தி, தரையைத் துடைத்து, மைக் தண்டைத் தானே பிடித்துக் காட்டினாள். பிறகு என்னை மேடையின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே சுவரில் ட்ரிப் ஸ்விட்ச் பெட்டி. தண்ணீர் பட்டுக் கரண்டு கசிந்தால் தானாகவே கரண்டை நிறுத்திவிடும் என்று சைகையால் விளக்கினாள். நான் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டியில் இருந்த சிவப்புப் பொத்தானில் என் விரலை எடுத்து வைத்தாள்.

"யூ ஸ்கேர்ட், யூ பிரஸ்," என்றாள். பயம் வந்தால் நானே அழுத்திக் கரண்டை நிறுத்தலாமாம்.

மிச்சப் பாட்டு முழுவதும் அங்கேயே இருந்தேன். என்ன பாடினார்கள் என்று கேட்டால் தெரியாது. சனத்தின் முகம் ஒரு பக்கம், வாசிக்கிறவர்களின் முதுகு மறுபக்கம், நடுவில் நான். அவர் ஒவ்வொரு தடவை மைக்கைத் தொடும்போதும் மூச்சைப் பிடித்தேன். தொட்டார், பாடினார், கையை எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து வருடங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். முடிந்ததும் சனம் நீண்ட நேரம் கைதட்டியது. நானும் தட்ட நினைத்தேன். வலது கை பொத்தானை விட்டு வர மறுத்தது. இடது கையால் என் தொடையில் தட்டினேன்.