பிரேக்கம்மாவுக்குப் பிரஷர்

செருப்பைக் கழற்றிக் கதவோரம் ஒதுக்கிவிட்டு, வெறும் பாதத்தை பிரேக் மேல் பட்டும் படாமல் வைத்துக்கொண்ட பிறகுதான், "ம், இப்ப சாவியத் திருப்புங்க" என்கிறாள். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த வெள்ளைக் காரில், ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற இவளுக்கு ஒரு பிரேக். செருப்புப் போட்டால் கால் செவிடாகிவிடும் என்பது அவள் கட்சி. "வண்டி பேசறது முதல்ல காலுக்குத்தான் கேக்கும். காதுக்குக் கேக்கறப்போ முட்டி முடிஞ்சிருக்கும்" என்பாள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களில் கல்லூரிப் பையன்களும் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் 'நீங்க'தான். கிளட்ச்சிலிருந்து காலை எப்படி எடுப்பது என்று கேட்டால், "தூங்கற குழந்தையத் தோள்லேர்ந்து இறக்கிக் கட்டில்ல போடுவோம் பாருங்க, அப்படி" என்பாள். ரிவர்ஸ் எடுக்கத் திணறுகிறவரிடம், "பின்னாடி போறதுல என்னங்க கௌரவக் குறைச்சல்? நிதானமாப் போங்க" என்பாள். 'தப்பு' என்ற சொல் அவள் வாயில் வராது. "இன்னொரு தடவ பாத்துடலாமா?" அவ்வளவுதான். பிரேக்கம்மா என்று பேர் வைத்தது எந்தக் குறும்புக்காரன் என்று தெரியவில்லை. இப்போது போனை எடுத்தால் அவளே, "பிரேக்கம்மா பேசறேன், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

அந்தக் கால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. டி.வி.யில் யாராவது காரைப் பறக்கவிட்டால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை அழுத்தும். சாப்பிடும்போது வீட்டுக்காரர் உப்பு டப்பாவை நோக்கிக் கையை நீட்டினால் மேஜைக்கு அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவர் ஒன்றும் தெரியாதவர் போலக் கையை இழுத்துக்கொள்வார்.

அந்த வீட்டில் உப்புக்கு இவ்வளவு காவல் வந்தது சமீபத்தில்தான்.

ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்கு மாதவிடாய் தாறுமாறாகி, பிறகு அடியோடு நின்றது. தொல்லை விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். விடவில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை என்று குபுகுபுவென ஏறும். குளிர்காலக் காலையில் காரின் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு இவள் துப்பட்டாவால் விசிறிக்கொள்ள, பக்கத்தில் இருப்பவர் பல் கிட்டிக்க கியர் மாற்றுவார். ராத்திரியில் தலையணை நனைந்து, எழுந்து திருப்பிப் போட்டு, அதுவும் நனைந்து, விடியும்போது கண் எரியும். கண் எரிகிற நாளில் வாய் சும்மா இருக்குமா?

ஓய்வு பெற்ற நூலகர் அம்மா ஒருவர் அப்போது கற்றுக்கொண்டிருந்தார். கிளட்ச்சை மிதிக்க வேண்டிய இடத்தில் யோசித்து யோசித்து மிதிப்பவர். ஒரு திருப்பத்தில் அவர் யோசித்து முடிப்பதற்குள் இவள் பிரேக்கை அடித்து நிறுத்தி, "காலா, கட்டையாங்க அது?" என்று கத்திவிட்டாள். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "நான் நடந்தே போயிக்கறேன்மா" என்று இறங்கி நடந்தார். முனை திரும்பும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்த பிரேக்கம்மா, காரை ஓரங்கட்டி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனாள். நூலகர் அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "உன் வயசுல நானும் இப்படித்தான் இருந்தேன். புத்தகம் எடுக்க வந்தவங்க மேலெல்லாம் எரிஞ்சு விழுந்தேன். பாதிப் பேர் படிக்கறதையே விட்டுட்டாங்க. நீயாவது போய் ஒரு டாக்டரப் பாரு" என்றார்.

பார்த்தாள். பெண்கள் மருத்துவர், இவள் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார், சோதனைகள் செய்தார், ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் சூடு தணிந்தது, தூக்கம் வந்தது. "தலைக்குள்ள யாரோ ஃபேன் போட்டுவிட்ட மாதிரி இருக்குங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். பயிற்சிப் பள்ளி முதலாளி, ரொம்பவும் பயந்த சுபாவக்காரர்களைப் பழையபடி இவள் பக்கமே அனுப்ப ஆரம்பித்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான், வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றினார். "ரெண்டாவது தடவ சுத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்கிறாள் பிரேக்கம்மா. "வண்டி கோணலாப் போறப்போ நான் வச்சிக்கிற மூஞ்சி அது. 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ங்கிற மூஞ்சி."

டாக்டர் பதறவில்லை. "ஏறியிருக்கு. மாத்திரையால இருக்கலாம், வயசால இருக்கலாம், இங்க வந்த பயத்தாலகூட இருக்கலாம். வீட்டுல கொஞ்ச நாள் அளந்து பாத்துட்டு வாங்க. ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கும் பிரஷர்தான். ஒருநாள் காலையில் அம்மாவின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. அதன்பிறகு அந்தக் கை எழவே இல்லை. சாகும்வரை, அடுத்த வீட்டுக்காரர் பொருளை எடுத்து வைப்பதுபோல, அம்மா தன் ஒரு கையை இன்னொரு கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

வீட்டுக்காரர் அன்றைக்கே ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வந்துவிட்டார். அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். வாழ்நாளெல்லாம் கம்ப்ரஸரில் அழுத்தம் பார்த்தவர். "ஏறினா பதறக் கூடாது. எங்க அடைப்புன்னு பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பதறுவார். மெஷினோடு வந்த தாளில், சாய்ந்து உட்கார வேண்டும், கால் தரையில் பதிய வேண்டும், ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மற்றதெல்லாம் ஆயிற்று, அந்த ஐந்து நிமிடம்தான் அவரால் ஆகவில்லை. "ரிலாக்ஸா இரு. மூச்ச இழுத்து விடு. இல்ல, இழுக்காத, சாதாரணமா விடு." எண் ஓட ஆரம்பித்ததும் கிரிக்கெட் வர்ணனைபோலப் படிப்பார். "நூத்தி முப்பது… நாப்பது… ஐயோ, தாண்டுது!"

"என்னங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. உங்க முகத்தப் பாத்தாதான் எனக்கு ஏறுது."

இதற்கு நடுவில் அக்காவின் போன். அக்கா எதையும் மெல்லச் சொல்கிறவள் இல்லை. "ஊர்ல உலகத்துல யாருக்கும் நிக்காததா உனக்கு நின்னுடுச்சு? நாங்கள்லாம் மாத்திரை போட்டுக்கிட்டா தாண்டி வந்தோம்? அம்மாவோட கைய மறந்துட்டியாடி? மொதல்ல அதத் தூக்கிக் குப்பைல போடு!"

குப்பையில் போடவில்லை. மாத்திரையைப் பீரோவில் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். காலையும் மாலையும் கையை நீட்டிக்கொண்டு, இன்றைக்கு இறங்கும், நாளைக்கு இறங்கும் என்று காத்திருந்தாள். எண் இறங்கவில்லை. சூடுதான் திரும்பி வந்தது, பழைய கணக்கைத் தீர்க்க வந்ததுபோல. இரண்டு வாரம் தூக்கமில்லாமல் போனதில் எண் இன்னும் கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது.

ஒருநாள் புதுமாப்பிள்ளை ஒருவருக்கு ரவுண்டானாவைச் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் எந்த வழியில் வெளியேறுவது என்று தெரியாமல் மூன்றாவது சுற்றும் சுற்றினார். 'காலா, கட்டையா' என்று அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி, காரை ஒருமுறை சுற்றி நடந்தாள். "டயர்ல ஏதாவதாம்மா?" என்று புதுமாப்பிள்ளை தலையை நீட்டிக் கேட்டார். "டயர் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் போட்டு உடைத்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மெஷினத் தூக்கிட்டு ஓடி வருவீங்க."

அவர் மெஷினை எடுத்து மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஃபிரிட்ஜ்ல தண்ணி ஒழுகுதுன்னா நான் கஸ்டமர்கிட்ட என்ன சொல்லுவேன்? கரண்ட்டப் புடுங்கிட்டு உக்காராதீங்க, உள்ள இருக்கிறதெல்லாம் வீணாப்போயிடும், என்னைக் கூப்பிடுங்கன்னுவேன். நீ கரண்ட்டப் புடுங்கிட்டு உக்காந்திருக்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மறுநாளே இரண்டு பேருமாக டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் திட்டவில்லை. மெஷினை வாங்கி அதில் பதிவாகியிருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நிறுத்தியும் இறங்கலையே, பாத்தீங்களா? எல்லாப் பழியையும் மாத்திரை மேலயே போட முடியாது." அம்மாவுக்கு வந்ததைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். இன்னும் சில சோதனைகள் எடுக்கச் சொன்னார். அவை நல்லபடியாக வந்த பிறகு மருந்தை மாற்றி எழுதினார். விழுங்குகிற மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஜெல். அது பிரஷரை அவ்வளவாகச் சீண்டாது. கருப்பைக்குக் காவலாக ராத்திரியில் ஒரு மாத்திரை. பிரஷருக்கென்று காலையில் தனியாக ஒரு சின்ன மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், சொன்ன நாளில் வந்து காட்ட வேண்டும்.

"அப்ப ரெண்டுக்கும் மருந்து சாப்பிடலாமா? ஒண்ண விட்டாத்தான் ஒண்ணுன்னு நினைச்சேன்."

"தூக்கமும் வேணும், ரத்தக்குழாயும் நல்லா இருக்கணும். ரெண்டும் ஒரே உடம்புதானே? ரெண்டையும் பாப்போம்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் பிரேக்கம்மா படியில் நின்று பெருமூச்சு ஒன்று விட்டாள். அத்தனை நாளும் அதை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இப்போது காலையில் குளித்ததும் தொடையில் ஜெல்லைத் தடவிக்கொண்டு, அது காயும்வரை கட்டில் ஓரத்தில் ராணிபோல உட்கார்ந்திருக்கிறாள். அது காய்வதற்குள் மற்றவர்மேல் படக் கூடாதாம். கண்ணாடி முன் நின்று மீசையைச் சீவுகிற வீட்டுக்காரரிடம், "கிட்ட வராதீங்க, மீசை உதிர்ந்துடும்" என்கிறாள். அவர் நிஜமாகவே இரண்டடி தள்ளி நிற்கிறார். மாலையில் இருவரும் நடக்கப் போகிறார்கள். அவர் நடையைவிட அவள் நடை வேகம். முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்து, "ஃபர்ஸ்ட் கியர்லயே வரீங்களே" என்பாள்.

எண்கள் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. கேட்காத நாளில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மறுபடி பார்ப்பாள். பார்க்கும்போது வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர்போல. சூடும் எப்போதாவது ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. "வந்துட்டுப் போகட்டும், தங்காம இருந்தாச் சரி" என்கிறாள்.

அக்கா ஒருநாள் நேரிலேயே வந்து சண்டை போட்டாள். அவள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய நேரத்தில், தங்கை அவள் கையில் பட்டையைச் சுற்றிவிட்டாள். எண் வந்ததும் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பிரஷரெல்லாம் கிடையாது. மெஷின் சரியில்ல" என்றாள் அக்கா. "என் மெஷினையா சொல்றீங்க?" என்று அவர் கிளம்ப, மேஜைக்கு அடியில் 'தொம்' என்றது. போகிறபோது வாசலில் செருப்பை மாட்டியபடி அக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அந்த டாக்டர் சனிக்கிழமை இருப்பாங்களாடி?"

போன வாரம் தபால்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். சைக்கிளிலேயே காலத்தை ஓட்டியவருக்கு இலாகாவில் வேன் கொடுக்கப்போகிறார்கள். நாற்சந்தி சிக்னலில் பச்சை விழுந்ததும் அவர் அவசரப்பட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி சாவி, மறுபடி குலுக்கல், மறுபடி அணைந்தது. பின்னால் பஸ்ஸும் லாரியும் போட்டி போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தன. ஒரு ஸ்கூட்டர்காரர் பக்கத்தில் வந்து என்னவோ கத்திவிட்டுப் போனார். தபால்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை போய், மஞ்சள் போய், சிவப்பு விழுந்தது.

"போச்சும்மா" என்றார்.

பிரேக்கம்மா மடியில் இருந்த பையைத் திறந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்தாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவே தோலை அவசரமில்லாமல் உரித்து, பழத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க. பச்சை எங்கயும் போயிடாது."

பிறகு தன் பாதியிலிருந்து ஒரு சுளையைப் பிரித்து, கொட்டையை நீக்கி, வாயில் போட்டுக்கொண்டாள்.