அளவுக்கு மேல் அடித்த காற்று

வடக்கே எங்கள் ஊரான ஓவுலுவில் ஒருத்தி பனியில் சைக்கிள் ஓட்டுவாள் என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மைனஸ் இருபதிலும் ஏழு வயதுப் பிள்ளைகள் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் எங்கள் தபால் பிரிவில் யார் தன் பிள்ளைக்குக் குளிர்கால சைக்கிள் வாங்கப் போனாலும் முதலில் மிர்வாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பத்தொன்பது குளிர்காலம் சைக்கிளில் தபால் போட்டவள் அவள். "உங்க பொண்ணுக்கு கியர் வேணாம், உறைஞ்சு போயிடும். பின்னால மிதிச்சா நிக்கிற பிரேக் போதும். பூட்ஸோட கால் தரையில முழுசாப் படணும், அத மட்டும் பாருங்க" என்பாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

நானும் அவளும் பதினோரு வருடமாக அடுத்தடுத்த தெருக்களில் தபால் போடுகிறோம். என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், ஆனாலும் என்னிடம் எதையும் மறைக்க மாட்டாள். அவளும் யார்னோவும் பிரிந்தபோது அவள் அழுததை நான் பார்க்கவில்லை. "போறவன் போகட்டும் ராய்லி, நல்ல எலக்ட்ரீஷியன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். மகள் வில்யா ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம் என்று முடிவானது. இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது.

அப்புறம் யார்னோவின் வீட்டுக்கு ஹென்ரீக்கா வந்து சேர்ந்தாள். தெற்கே துர்க்குவிலிருந்து வந்தவள், பல் ஆஸ்பத்திரியில் வேலை. மிர்வாவின் வயிற்றில் தீ பிடித்தது அன்றைக்குத்தான். புருஷனை எடுத்துக்கொண்டாள் என்பதற்காக இல்லை. வில்யா ஒருநாள் சால்மன் மீன் சூப்பைக் குடித்துக்கொண்டே, "ஹென்ரீக்கா டில் கீரை நிறையப் போடுவா, நல்லாருக்கும்" என்றாளாம். அடுத்த வாரம் மிர்வா சூப்பே பச்சையாகத் தெரிகிற அளவுக்கு டில் போட்டாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு இலைகூடப் போடவில்லை. வில்யா பின்னிய சடையோடு வந்தால், "தலைய அவுத்துவிடு, வலிக்கும்" என்பாள். பிள்ளை வலிக்கவில்லை என்று சொன்னாலும் விட மாட்டாள்.

அந்த வருடம் நவம்பரில் வில்யாவுக்கு எட்டு முடிகிறது. பழைய சைக்கிள் சின்னதாகிவிட்டது. மிர்வா செப்டம்பரிலேயே பழைய சாமான் சந்தையில் ஒரு சைக்கிள் வாங்கி, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வைத்து வேலையை ஆரம்பித்தாள். கியரைக் கழற்றிவிட்டுப் பின்மிதி பிரேக் உள்ள சக்கரம் போட்டாள். ஆணி பதித்த டயர் வரவழைத்தாள். பூட்ஸ் வழுக்காமல் இருக்கப் பல் வைத்த அகலமான மிதிகட்டை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் பனி அடைத்துக்கொள்ளாமல் இருக்க மட்கார்டை உயர்த்தினாள். கடைசியாக மஞ்சள் பெயின்ட், அதுவும் இரண்டு பூச்சு. "இருட்டுல தூரத்துல இருந்தே தெரியும் பாரு" என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பிறந்தநாள் சனிக்கிழமை, அப்பாவின் வாரத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் பிள்ளை இவளிடம் வரும். கேக் செய்து வைத்துவிட்டு மிர்வா ஜன்னலில் நின்றாள்.

வில்யா புது சைக்கிளில் வந்தாள். என் முழங்கைப் பருமனுக்கு இருக்குமோ என்கிற மாதிரி தடித்த டயர், பச்சையும் நீலமுமாக ஒரு நிறம். பின்னால் தன் சைக்கிளில் ஹென்ரீக்கா.

"அம்மா! இது பனிக்குள்ளயே போகும்மா! ரோட்டுலகூட இல்ல, பனிக்குள்ள!"

"அப்படியா," என்றாள் மிர்வா.

ஹென்ரீக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். "நாலு சைக்கிள் ஓட்டிப் பார்த்தா. இதுதான் வேணும்னு நின்னுட்டா. நீங்க ஒரு தடவை பாத்துருங்க. உங்களுக்குத்தானே தெரியும்."

"பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு மிர்வா கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து ஒரு காபி குடிங்க என்று கூப்பிடவில்லை.

கேக் வெட்டியதும் வில்யாவைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனாள். மஞ்சள் சைக்கிளைச் சுற்றி வந்த பிள்ளை, பெயின்டைத் தொட்டுப் பார்த்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"ரொம்ப நல்லாருக்கும்மா. இத வெயில் காலத்துக்கு வச்சுக்கறேன்."

ஆணி டயர் போட்ட சைக்கிளை வெயில் காலத்துக்கு! மிர்வா சிரித்தாளாம். "சரிடா கண்ணு" என்றாளாம். மறுநாள் தபால் பிரிக்கும் மேசையில் இதை என்னிடம் சொன்னபோது கடிதங்களைத் தப்புத் தப்பான பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் தனியாப் போய் அந்தப் பச்சை சைக்கிளப் பார்த்தேன் ராய்லி. அக்கு அக்காப் பார்த்தேன். ஒரு குறையாவது இருக்காதான்னு."

"இருந்துச்சா?"

"இல்ல! அதான் எரியுது. சீட்டு சரியான உயரம். தடிமனான கையுறை போட்டாலும் எட்டற மாதிரி பிரேக்கக் கிட்டக் கொண்டுவந்து வச்சிருக்கா. டயர்ல ஆணி இருக்கு. சீட்டுக்கு அடியில இருக்கற பையில ஒரு காகிதம், குண்டு குண்டா எழுதியிருக்கா. எண்ணெய் எப்போ போடணும், காத்து எவ்வளவு அடிக்கணும்னு. துர்க்குல என்ன பனி பெய்யுது? இத யாரு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"கேட்டுத் தெரிஞ்சுகிட்டிருப்பா."

"என்கிட்ட கேக்கலயே!"

கேட்டிருந்தால் இவள் சொல்லியிருப்பாளா என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பனி உருகி மழையாக விழுந்து, இரவில் உறைந்தது. புதன் காலையில் சைக்கிள் பாதையெல்லாம் கண்ணாடி. வில்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மிர்வா பம்பை எடுத்துக்கொண்டு கீழே போனாள். தடித்த டயரில் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் டயர் தட்டையாகப் படிந்து தரையைப் பிடிக்கும். கல் மாதிரி இறுக்கினால் தரையில் கொஞ்சம்தான் தொடும், துள்ளும். ஆணி இருந்தாலும் வளைவில் நம்ப முடியாது. இது எங்கள் ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தும் அவள் இறுக்கிக் காற்று அடித்தாள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும்.

"விழணும்னு நினைக்கலடி," என்று பிறகு என்னிடம் சொன்னாள். வயதில் மூத்தவளான என்னை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒருநாள்தான். "வழுக்கணும்னு நினைச்சேன். ஒரு தடவை வழுக்கினா பயந்துட்டு மஞ்சள் சைக்கிளக் கேப்பான்னு நினைச்சேன்."

ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையின் சரிவில் வில்யா விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல்.

தபாலைப் பாதியில் விட்டுவிட்டு மிர்வா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். யார்னோவும் ஹென்ரீக்காவும் வந்துவிட்டிருந்தார்கள். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அறைக்கு வெளியே, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் யார்னோ ஹென்ரீக்காவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"யானைக்கால் மாதிரி இருக்கு, வேணாம்னு அப்பவே சொன்னேன்ல? உனக்கு என்ன தெரியும் இந்த ஊரப் பத்தி?"

ஹென்ரீக்கா கையுறையை முறுக்கிக்கொண்டு நின்றாள். மிர்வா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, அந்த நேரத்தில் தன் நாக்கில் இனித்தது என்றாள் என்னிடம். பிள்ளை உள்ளே வலியில் முனகுகிறது, வெளியே இவளுக்கு இனிக்கிறது.

சைக்கிளும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக இரண்டு டயரிலும் கூடுதல் காற்றை இறக்கிவிட்டாள். இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

சனிக்கிழமை மதியம் ஹென்ரீக்கா வந்தாள். கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. இருவரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள்.

"சைக்கிளக் கடையிலயே திருப்பிக் கொடுத்துடறேன். அவ உங்க மஞ்சள் சைக்கிளயே ஓட்டட்டும். யார்னோ சொல்றது சரிதான், எனக்கு இந்த ஊர்ப் பனி தெரியல."

மிர்வா கேட்க ஆசைப்பட்டது அத்தனையும் அந்தப் பேச்சில் இருந்தது. தலையாட்டினால் போதும். ஆனால் ஹென்ரீக்கா குனிந்து, கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தாள். மறுபடியும் அமுக்கினாள்.

"காத்து சரியாத்தானே இருக்கு. எங்க தப்பு பண்ணேன்? சொல்லுங்களேன். இன்னொரு பிள்ளைக்காவது ஆகாம இருக்கும்."

"நீங்க தப்பு பண்ணல," என்றாள் மிர்வா. "காத்து நான் அடிச்சேன். புதன்கிழமை காலையில. இறுக்கி அடிச்சேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சேதான்."

ஹென்ரீக்கா படியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"எண்ணல. கை வலிக்கிற வரைக்கும்."

"நான் மூணு நாளாத் தூங்கல."

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு." குரல் உயரவில்லை. எழுந்து கையுறையைப் போட்டுக்கொண்டாள். "வில்யாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. உங்களப் பத்தி எங்க வீட்டுல யாரும் ஒரு சொல் குறைச்சுச் சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தட்ட வச்சுட்டு எழுந்து போயிடுவா. நான் போன வருஷம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்."

அவள் போன பிறகும் மிர்வா அங்கேயே நின்றாள். இத்தனை நாளும் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டாள் என்று எதை நினைத்து வெந்தாளோ, அது பறிபோகவே இல்லை என்று அந்தப் பெண்ணின் வாயாலேயே கேட்டுவிட்டாள்.

அன்று மாலையே மகளிடம் சொன்னாள். வில்யா கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் சைக்கிள் உனக்குப் பிடிக்கலையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான்."

"அது காரணமா?"

"இல்ல," என்றாள் மிர்வா. "காரணம் இல்ல."

பிள்ளை அழவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னது. மூன்று வாரம் அங்கேயே இருந்தது. யார்னோ மிர்வாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள். அந்த மூன்று வாரமும் அவள் என் தெருக்களுக்கும் சேர்த்துத் தபால் போட்டாள், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல். நான் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு வில்யா திரும்பி வந்தாள். ஜனவரியில் கட்டுப் பிரித்தார்கள். பச்சை சைக்கிளை அப்பா வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அம்மாவின் வாரங்களில் இரண்டு கிலோமீட்டரும் நடந்தே பள்ளிக்குப் போனாள். மிர்வா மஞ்சள் சைக்கிளை அவள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். வில்யா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு, பச்சை சைக்கிளிலேயே அம்மா வீட்டுக்கு வந்தாள். பூட்டிவிட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மிர்வா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஒரு மாதம் கழித்துப் பிள்ளை சாவியை நீட்டியது.

"முட்டி இடிக்குதும்மா. சீட்டத் தூக்கி விடு. ரெண்டு விரல் அளவுதான். வேற எதையும் தொடாத."

இரண்டு விரல் அளவு தூக்கிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்து நின்று சொன்னாள்.

"அவகிட்ட கேக்கல ராய்லி. என்கிட்டதான் கேட்டா."

அந்த எரிச்சல் இன்னுமா என்று கேட்டேன். இன்னும்தான் என்று சொல்லிவிட்டுத் தன் பைகளை எடுக்கப் போனாள்.